ரோமில் மூன்று நாள், குடும்பத்தோடு: எல்லாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள்

போன மே மாதம் நாங்கள் ஐந்து பேர் ரோமுக்குப் போய்விட்டு வந்தோம். நான், கணவர், 11 வயது மகன், 6 வயது மகள், முட்டி வலியோடு மாமியார். கையில் இருந்தது ஒரு மாலையும் மூன்று நாளும்தான். திரும்பி வந்ததிலிருந்து உறவிலோ அலுவலகத்திலோ யார் ரோமுக்குக் கிளம்பினாலும் எனக்குத்தான் போன் வருகிறது, கேட்பதும் அதே பதினைந்து இருபது சந்தேகங்கள்தான், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். விலைகள் ஏறிக்கொண்டே இருக்கும், கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூணு நாள் போதுமா? இல்ல, ஒரு வாரம் போட்டாத்தான் சரியா?

முழுசாகப் பார்க்க ஒரு வாரமும் போதாது. கி.மு. 753-இல் பிறந்ததாகச் சொல்லிக்கொண்டு இன்றைக்கும் ஏப்ரல் 21-ஐப் பிறந்தநாளாகக் கொண்டாடுகிற ஊர் அது. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மூன்று நாள் தாராளம், ஏனென்றால் பார்க்க வேண்டியவை நெருக்கமாகக் கிடக்கின்றன. பழைய ரோமானிய விளையாட்டரங்கான கொலோசியத்தில் தொடங்கி வத்திக்கான் வரை நடந்தாலே ஒரு மணி நேரம்தான், வழியெல்லாம் ஏதாவது ஒன்று நிற்கும்.

ஒரே ஒரு நிபந்தனை. ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அவ்வளவுதான். காலையில் கொலோசியம், மதியம் வத்திக்கான் மியூசியம் என்று போட்டால் சாயங்காலம் பிள்ளைகள் அழுவார்கள், பெரியவர்கள் சண்டை போடுவார்கள். நாங்கள் வந்த அன்று மாலை ஊரைச் சுற்றி நடந்தோம், அடுத்த நாள் கொலோசியம், அதற்கடுத்த நாள் வத்திக்கான், கடைசி நாளைக் காலியாக விட்டோம். அந்தக் காலி நாள்தான் எல்லாருக்கும் பிடித்தது.

எந்த மாசம் போறது நல்லது?

ஏப்ரல், மே, இல்லாவிட்டால் செப்டம்பர் கடைசியும் அக்டோபரும். ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும். நமக்கு வெயில் புதுசா என்று கேட்பார்கள். வெயில் புதுசில்லை, ஆனால் நிழலே இல்லாத கல்தரையில் மூன்று மணி நேரம் நிற்பது புதுசு. அதோடு ஆகஸ்ட் 15 அவர்களுக்குப் பெரிய விடுமுறை, அதை ஒட்டிச் சின்னக் கடைகள், குடும்ப உணவகங்கள் பலவும் பூட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்கள். நவம்பரில் மழை.

விசா எப்படி? வத்திக்கான் தனி நாடாமே, அதுக்குத் தனியா எடுக்கணுமா?

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரே விசா அது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45, ஆறு வயதுக்குக் கீழே இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வாரம் வரை விட்டுவைக்காதீர்கள். இரண்டு மூன்று நாடுகள் போவதாக இருந்தால் அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பிக்க வேண்டும்.

வத்திக்கானுக்குத் தனி விசா கிடையாது. 1929-இல் இத்தாலியோடு செய்த ஒப்பந்தத்தால் அது தனி நாடுதான், ஆனால் புனித பேதுரு சதுக்கத்துக்குள் நுழையும்போது யாரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். தரையில் ஒரு கோடு இருக்கிறது. என் மகன் அதில் காலை அகட்டி நின்று ஒரே நேரத்தில் இரண்டு நாட்டில் இருப்பதாகப் படம் எடுத்துக்கொண்டான்.

ஏர்போர்ட்லேர்ந்து ஊருக்குள்ள எப்படி வர்றது?

பெரும்பாலும் ஃபியூமிசினோ விமான நிலையத்தில்தான் இறங்குவீர்கள். அங்கிருந்து லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில் 32 நிமிடத்தில் டெர்மினி நிலையத்துக்கு வந்துவிடும். ஆளுக்கு 14 யூரோ, டிக்கெட் வாங்கிய ஒவ்வொரு பெரியவரோடும் 12 வயதுக்குட்பட்ட ஒரு பிள்ளை இலவசம். இதைவிடச் சுமார் 8 யூரோவுக்கு ஒரு சாதாரண ரயிலும் உண்டு, ஆனால் அது டெர்மினிக்குப் போகாது. ட்ராஸ்டெவெரே, ஓஸ்டியென்ஸே பக்கம் தங்குகிறவர்களுக்கு அதுதான் வசதி.

மூன்று பெரியவர்கள், பெட்டிகள், தூங்கி வழியும் குழந்தை என்றால் டாக்ஸிதான். பழைய மதிலுக்குள் இருக்கும் எந்த இடத்துக்கும் நகராட்சியே நிர்ணயித்த ஒரே கட்டணம், கடைசியாக 55 யூரோ. பெட்டிக்கு, ஆளுக்கு என்று தனியாக ஒன்றும் கிடையாது. வெள்ளை நிற டாக்ஸியாக, வரிசையில் நிற்பதாகப் பார்த்து ஏறுங்கள். வாசலில் வந்து "டாக்ஸி, டாக்ஸி" என்று காதோரம் சொல்கிறவர் பின்னால் போகாதீர்கள்.

எங்க தங்குறது? ஹோட்டல்ல ஏதாவது கேட்டுக்கணுமா?

டெர்மினி பக்கம் மலிவு, போக்குவரத்து சுலபம், ஆனால் பார்க்க அழகில்லை. மோன்ட்டி என்ற பகுதி கொலோசியத்துக்கு நடந்து போகும் தூரம். ப்ராட்டி வத்திக்கான் பக்கம், அகலமான தெருக்கள், அமைதி. ட்ராஸ்டெவெரே அழகோ அழகு, இரவு பன்னிரண்டு வரை சத்தமும் அப்படியே. பிள்ளைகளோடு போனால் நான் மோன்ட்டியோ ப்ராட்டியோதான் சொல்வேன்.

லிஃப்ட் இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய கட்டடங்களில் இருக்கவே இருக்காது, இருந்தாலும் இரண்டு பேரும் ஒரு பெட்டியும் ஏறினால் கதவு மூடாது. அப்புறம், அறை வாடகைக்கு மேல் நகராட்சி வரி ஒன்று உண்டு. ஆளுக்கு ஒரு இரவுக்கு 4 யூரோவிலிருந்து 10 வரை, விடுதியின் தரத்தைப் பொறுத்து. பத்து வயதுக்குக் கீழே கிடையாது. பலபேர் இதை ஏமாற்று என்று நினைத்து வரவேற்பறையில் வாக்குவாதம் செய்கிறார்கள், ஏமாற்று இல்லை.

யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் 1975-லிருந்து வீட்டுக் குளியலறையில் பிடே, அதாவது கழுவிக்கொள்ளக் குழாயோடு இருக்கும் தாழ்வான தொட்டி, கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது, விடுதிகளிலும் பெரும்பாலும் உண்டு. ஐரோப்பாவில் கழிப்பறையில் தண்ணீர் இல்லையே என்ற நம் கவலை இந்த ஊரில் பாதி குறைந்துவிடும்.

எதெதுக்கு முன்னாடியே டிக்கெட் எடுக்கணும்?

இரண்டே இரண்டுக்கு: கொலோசியம், வத்திக்கான் மியூசியம். ஓவியத்தில் ஆசை உள்ளவர்கள் போர்கேஸே காலரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அங்கே இரண்டு மணி நேரம் கணக்கு வைத்துத்தான் உள்ளே விடுகிறார்கள்.

கொலோசியத்துக்கு அதிகாரபூர்வ தளத்தில் 30 நாள் முன்பு விற்பனை திறக்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ, அதிலேயே பழைய ரோமின் மையச் சதுக்கமான ஃபோரமும் பக்கத்துப் பாலட்டைன் குன்றும் அடக்கம். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள். 18 வயதுக்குக் கீழே இலவசம். இங்கேதான் நான் கோட்டைவிட்டேன். இலவசம்தானே என்று பிள்ளைகளுக்கு ஒன்றும் பதிவு செய்யாமல் போய் நின்றேன். இலவசமானாலும் பூஜ்ய யூரோவுக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்க வேண்டுமாம். எங்கள் நேரம் நெருங்கிக்கொண்டிருக்க, கணவர் டிக்கெட் கவுன்டருக்கு ஓடி அரை மணி நேரம் வரிசையில் நின்று வாங்கி வந்தார். அந்த அரை மணி நேரமும் மாமியார் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க வேண்டாம்.

வத்திக்கான் மியூசியத்துக்கு 20 யூரோ, இணையத்தில் எடுத்தால் முன்பதிவுக்கு 5 யூரோ கூட. ஏழு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இலவசம். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் மூடியிருக்கும். மற்றதெல்லாம் போனபோது பார்த்துக்கொள்ளலாம்.

ரோமா பாஸ் வாங்கினா லாபமா?

மியூசியமும் பேருந்து, மெட்ரோவும் சேர்ந்த பாஸ் அது. பிள்ளைகளோடு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் லாபம் இல்லை. மேலே சொன்னபடி பிள்ளைகளுக்குப் பல இடங்கள் ஏற்கெனவே இலவசம், வத்திக்கான் அந்தப் பாஸில் வராது, பாஸ் இருந்தாலும் கொலோசியத்துக்கு நேரம் பதிவு செய்துதான் ஆக வேண்டும். தினம் இரண்டு மூன்று மியூசியம், நாள் முழுக்க மெட்ரோ என்று சுற்றுகிற பெரியவர்களுக்குக் கட்டுப்படியாகலாம்.

கொலோசியத்தை வெளியில இருந்து பாத்தா பத்தாதா? உள்ள வெறும் கல்லுதானேன்னு சொல்றாங்களே?

சொன்னவர் எதையும் கேட்டுக்கொள்ளாமல் போயிருப்பார். பேரரசர் வெஸ்பாசியன் கட்டத் தொடங்கி அவர் மகன் டைட்டஸ் கி.பி. 80-இல் திறந்து வைத்தது. உள்ளே நடுவில் களத்தின் தரை போய்விட்டதால் அடியில் இருந்த அறைகளும் நடைபாதைகளும் திறந்து கிடக்கின்றன. விலங்குகளை அங்கே கூண்டில் வைத்திருந்து, ஆட்கள் சக்கரம் சுற்றித் தூக்கி, களத்தில் திடீரென்று தோன்றச் செய்வார்களாம். மகனுக்கு இதைச் சொன்னதும் அங்கிருந்து நகரவே மாட்டேன் என்றான்.

வெளிச்சுவரில் வளைவுகளுக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், ரோமன் எண்கள் வெட்டியிருக்கும். 23 முதல் 54 வரை இன்னும் இருக்கின்றன. பார்வையாளர்கள் எந்த வாசலில் நுழைவது என்பதற்கான எண் அது, இப்போதைய ஸ்டேடியத்தில் கேட் நம்பர் போடுவது மாதிரியே. LII என்றால் எத்தனை என்று கேட்டுவிட்டு மகன் விரலை மடக்கிக்கொண்டு நின்றதுதான் அன்றைக்கு எங்களுக்கு நடந்த சிறந்த கணக்குப் பாடம். சுவர் முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டைகள் ஏன் என்று மாமியார் கேட்டார். கற்களைப் பிணைத்திருந்த இரும்புப் பட்டைகளை இடைக்காலத்தில் தோண்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

ஃபோரம் பற்றி மட்டும் எச்சரிக்கை: கதை தெரியாமல் போனால் நிஜமாகவே வெறும் கல்தான். ஜூலியஸ் சீசரை எரித்த இடத்தில் இன்றைக்கும் யாரோ பூ வைத்துவிட்டுப் போகிறார்கள், நாங்கள் போனபோது வாடின ரோஜா இரண்டு கிடந்தன. நமக்கென்று ஒரு இடமும் உண்டு. மாக்சென்டியஸ் மண்டபம் நிற்கும் பகுதியில் முன்பு பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது. பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பலைச் சங்கப் பாட்டில் படித்திருப்போம் அல்லவா, அந்த மிளகு போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று.

வத்திக்கானுக்கு என்ன டிரெஸ் போடணும்? குழந்தைங்களுக்கும் அதே ரூலா?

தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார், பேன்ட் எதுவும் சரி. கையில்லாத சட்டை, அரை டிராயர்தான் பிரச்சினை. சின்னக் குழந்தைகளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை, ஆனால் பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் யாருக்கு வேண்டுமானாலும் உதவும்.

எல்லாரும் தடுமாறும் ஒரு விஷயம்: மியூசியத்தின் வாசலும் புனித பேதுரு பேராலயத்தின் வாசலும் வேறு வேறு. மியூசியத்துக்குச் சதுக்கத்திலிருந்து மதிலை ஒட்டிப் பதினைந்து இருபது நிமிடம் சுற்றி நடக்க வேண்டும். சதுக்கத்துக்கு வந்து நின்றுகொண்டு டிக்கெட்டை நீட்டினால் அங்கிருந்து ஓட வேண்டியதுதான். மியூசியத்துக்குள் இருக்கும் சிஸ்டைன் சிற்றாலயத்தில் படம் எடுக்கக் கூடாது, பேசவும் கூடாது. கூரையை மைக்கலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். கழுத்து வலிக்கும், சுவரோர இருக்கை காலியானால் உட்கார்ந்து பாருங்கள். பேராலயத்துக்கு டிக்கெட் இல்லை, சோதனை வரிசைதான் நீளம், காலை ஏழு மணிக்கே போய்விட்டால் அதுவும் இல்லை. புதன்கிழமை காலை போப்பாண்டவரின் பொதுச் சந்திப்பு நடக்கும் நாளில் போகாதீர்கள்.

அந்த டோம் மேல ஏறலாமா? அம்மாவால முடியுமா?

பேராலயத்தின் குவிமாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதற்கப்புறம் 320 படி ஏறித்தான் ஆக வேண்டும். கடைசிப் பகுதியில் குவிமாடத்தின் வளைவுக்கு ஏற்பச் சுவர் சாய்ந்துகொண்டே வரும், நாமும் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் நடக்க வேண்டும். பாதியில் திரும்ப வழியில்லை. முட்டி வலி, மூச்சுத் திணறல், குறுகின இடத்தைக் கண்டு பயம், இதில் எது இருந்தாலும் வேண்டாம். மாமியார் கீழேயே பேராலயத்தில் இருந்துகொண்டார்.

தண்ணி பாட்டில் வாங்கியே காசு கரைஞ்சிடுமாமே?

ஒரு காசும் ஆகாது. தெருமுனைகளில் இடுப்பளவு உயரத்தில் வார்ப்பிரும்புக் குழாய்கள் நிற்கும், மூக்கு மாதிரி வளைந்திருப்பதால் நசோனி, அதாவது பெரிய மூக்கு என்று பெயர். 1874-லிருந்து இருக்கிறது, இப்போது சுமார் 2,500. இரவு பகலாகக் குளிர்ந்த குடிநீர் ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் வளைந்து மேலே பீய்ச்சும், வாயை வைத்துக் குடிக்கலாம். இதை மகள் கண்டுபிடித்த பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தாகம் எடுத்தது அவளுக்கு. சட்டை மாற்ற ஒன்று கூட எடுத்துப் போங்கள்.

நாங்க சுத்த சைவம். சாப்பாட்டுக்கு என்ன பண்றது?

பட்டினி கிடக்க மாட்டீர்கள், ஆனால் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். கார்போனாரா, அமாத்ரிச்சானா என்ற பாஸ்தாக்கள் இரண்டிலும் பன்றிக் கன்னக் கறி உண்டு. சுப்ளி என்ற அரிசி உருண்டை பார்க்க நம் போண்டா மாதிரி இருக்கும், உள்ளே பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு. பூசணிப் பூ பஜ்ஜி, புன்டாரெல்லே கீரை இரண்டிலும் நெத்திலி மாதிரிச் சின்ன மீனை வைத்துவிடுவார்கள். மாறாக, மரினாரா பீட்சா என்ற பெயரைக் கேட்டால் கடல் உணவு என்று தோன்றும், அதில் தக்காளியும் பூண்டும்தான், சீஸ்கூட இல்லை.

காச்சோ எ பெப்பே என்பது சீஸும் மிளகும் போட்ட பாஸ்தா, கறி இல்லை. ஆனால் அதில் போடும் பெக்கொரினோ சீஸை ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளை வைத்துத்தான் உறைய வைக்கிறார்கள். அதைப் பார்க்கிறவர்கள் இதையும் பார்மேசானையும் தவிர்க்க வேண்டும். "கறி இல்லாமல்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "சென்சா கார்னே, சென்சா பெஷே" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பசங்களுக்கு ஆறு மணிக்கே பசிக்கும், அங்க எட்டு மணிக்குத்தான் ஹோட்டல் திறப்பாங்களாமே?

ஏழரைக்குத் திறக்கும், அதற்கு முன் திறந்திருந்தால் அது சுற்றுலாக்காரர்களுக்கான கடை. அதற்குத்தான் பீட்சா அல் தாலியோ இருக்கிறது. நீளமான தட்டில் பீட்சா இருக்கும், கடைக்காரர் கத்தியை மேலே வைத்து இவ்வளவா என்பார், நீங்கள் கையால் கூட்டலாம் குறைக்கலாம், கத்தரிக்கோலால் வெட்டி எடைபோட்டுத் தருவார். நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு நடக்கலாம். காபியும் இப்படித்தான், நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் பல இடங்களில் இரண்டு மடங்கு.

பஸ், மெட்ரோ எல்லாம் சுலபமா?

மெட்ரோ சுலபம். ஏ லைன் வத்திக்கானுக்கு, ஒட்டாவியானோ நிலையம். பி லைன் கொலோசியத்துக்கு. ஒரு டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும், பத்து வயதுக்குட்பட்டவர்கள் பெரியவரோடு இலவசம். வங்கிக் கார்டைத் தட்டியும் போகலாம், ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும். பேருந்தில் காகித டிக்கெட் வைத்திருந்தால் ஏறினதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். குத்தாத டிக்கெட் இல்லாத டிக்கெட், அபராதம் 50 யூரோவுக்கு மேல். கணவர் டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் இருந்த பாட்டி ஒருவர் பையிலிருந்து அதைக் கிட்டத்தட்டப் பிடுங்கி, இயந்திரத்தைக் காட்டி, இத்தாலியனில் திட்டினார். தெய்வம்!

பிக்பாக்கெட் ரொம்ப ஜாஸ்தியா?

கூட்டம் இருக்கும் இடத்தில் ஜாஸ்திதான், குறிப்பாக டெர்மினி, மெட்ரோ ஏ லைன், டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் பேருந்து. கையைப் பிடித்துக் கயிறு கட்டுகிறவர்கள், ரோஜாவைக் குழந்தை கையில் திணிக்கிறவர்கள், கொலோசியம் வாசலில் போர்வீரன் வேஷத்தில் படத்துக்கு நிற்கிறவர்கள், எல்லாரும் அப்புறம் காசு கேட்பார்கள். சிரித்துவிட்டு நடந்துகொண்டே இருங்கள், நின்றால் போச்சு.

ஸ்ட்ரோலர் எடுத்துட்டுப் போகலாமா? நடக்க முடியாத பெரியவங்க?

தெருக்களில் சதுரக் கருங்கல் பதித்திருக்கிறார்கள், சின்னச் சக்கரம் எல்லாம் கல் இடுக்கில் மாட்டிக்கொள்ளும். பெரிய சக்கர ஸ்ட்ரோலர் என்றால் சரி. பெரியவர்களுக்கு: கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு, ஃபோரம்தான் மேடும் பள்ளமும். அதனால் மாமியாரை ஃபோரத்துக்குள் கூட்டிப்போகாமல், கம்பிடோலியோ சதுக்கத்தின் பின்பக்கம் இருக்கும் மேட்டிலிருந்து முழு ஃபோரத்தையும் காட்டினோம். டிக்கெட்டே வேண்டாம், மாலை வெயிலில் உள்ளே இருந்து பார்ப்பதைவிட அழகு என்றுகூடச் சொல்வேன். ஸ்பானிஷ் படிக்கட்டில் களைப்பாற உட்காராதீர்கள், 2019-லிருந்து தடை, அபராதம் போடுகிறார்கள்.

முதல் ஞாயிறு எல்லாம் ஃப்ரீயாமே, அன்னிக்கே கொலோசியம் போயிடலாமா?

மாதத்தின் முதல் ஞாயிறு அரசு மியூசியங்கள், கொலோசியம் உட்பட, இலவசம் என்பது உண்மை. வத்திக்கானில் கடைசி ஞாயிறு. ஆனால் அன்றைக்கு ஊரே அங்கேதான் நிற்கும். பிள்ளைகளுக்கு எப்படியும் இலவசம், மிச்சமாவது பெரியவர்களின் காசு மட்டும். அதற்காகப் பாதி நாளை வரிசையில் விட நான் தயாரில்லை. அன்றைக்குப் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியன் போகலாம், மற்ற நாளிலேயே 5 யூரோதான். 43 மீட்டர் குறுக்களவுள்ள குவிமாடம், நடுவில் வானத்துக்குத் திறந்த வட்டம், மழை பெய்தால் உள்ளே விழும், தரையில் அதற்கென்று துளைகள். பத்தொன்பது நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது.

நாங்க போற அன்னிக்கு ஸ்ட்ரைக்னு போட்டிருக்காங்க, பயணத்தையே தள்ளிப் போடணுமா?

வேண்டாம். போக்குவரத்து வேலைநிறுத்தம் அங்கே அடிக்கடி வரும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில், தேதியை முன்பே அறிவித்துவிடுவார்கள். அன்றைக்கும் காலை 8.30 வரையும் மாலை 5 முதல் 8 வரையும் நகரப் பேருந்தும் மெட்ரோவும் ஓட வேண்டும். அந்த நாளை நடக்கும் நாளாக மாற்றிக்கொள்ளுங்கள்.

மூணு நாள்ல ஒரு நாள் பிளாரன்ஸ் போயிட்டு வந்துடலாமா? வேக ரயில்ல ஒன்றரை மணி நேரம்தானே?

முடியும். நான் போக மாட்டேன். முதல் பதிலில் சொன்ன காலி நாளை அது தின்றுவிடும். ஊரைவிட்டு வெளியே போயே தீர வேண்டும் என்றால் ஓஸ்டியா அந்திகாவுக்குப் போங்கள், பழைய ரோமின் துறைமுக ஊர். பிரமிடே மெட்ரோ பக்கத்திலிருந்து சாதாரண நகர டிக்கெட்டிலேயே அரை மணி நேரம். திங்கள் விடுமுறை. கூட்டமில்லை, தெருக்களில் பிள்ளைகள் ஓடலாம், சாப்பாட்டுக் கடையின் கல் மேடைகூட அப்படியே இருக்கிறது.

கடைசி நாள் ஃப்ளைட் சாயங்காலம்தான். காலையில என்ன பண்றது?

பெட்டிகளை விடுதியில் விட்டுவிட்டு டாக்ஸி பிடித்து ஜனிக்குலம் மேட்டுக்குப் போங்கள், பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்னால். ஊர் முழுக்கக் கீழே விரிந்து கிடக்கும். சரியாகப் பன்னிரண்டு மணிக்குக் கைப்பிடிச் சுவருக்குக் கீழேயிருந்து வீரர்கள் ஒரு பீரங்கியைத் தள்ளிக்கொண்டு வந்து ஒரு வெடி வெடிப்பார்கள். முன்பு தேவாலயங்கள் ஆளுக்கொரு நேரத்தில் மணி அடித்ததால், ஊருக்கெல்லாம் ஒரே நேரம் வேண்டும் என்று ஆரம்பித்த வழக்கம், இந்த மேட்டில் 1904-லிருந்து நடக்கிறது. காசு கிடையாது. சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள். என் மகள் முதலில் அழுதாள், அப்புறம் இன்னொரு தடவை வெடிக்கச் சொல் என்றாள். நாளைக்குத்தான் என்றேன்.